எழுத்து இருந்த இடத்தில் புள்ளிகள்

முதன்முதலில் அந்தக் காசின் படத்தைப் பார்த்தபோது தேய்ந்துபோன கிரேக்க வெள்ளி என்றுதான் நினைத்தேன். பின்பக்கம் ஒரு ஆள் கதாயுதத்தோடு நிற்கிறார், அவருக்கு இரண்டு பக்கமும் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகப் புள்ளிகள். தேய்ந்தால் எழுத்து மங்கும், புள்ளியாக மாறாதே! இது உறைத்த பிறகுதான், கிரேக்கக் காசைப் பார்த்து வேறு மக்கள் அடித்த நகல் இது என்று பிடிபட்டது.

கி.மு. 2-ம் நூற்றாண்டில் கிரேக்கத் தீவான தாசோஸ் அடித்த டெட்ராட்ரம் (நான்கு டிராக்மா மதிப்புள்ள வெள்ளிக் காசு) தான் அதன் மூலம். முன்பக்கம் ஐவி கொடியின் இலை சூடிய மதுக் கடவுள் டயோனிசஸ், பின்பக்கம் புராண வீரன் ஹெராக்ளிஸ், சுற்றிலும் 'காப்பவனான ஹெராக்ளிஸின், தாசோஸ்காரர்களின்' என்று கிரேக்கத்தில் பொறிப்பு. டான்யூப் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த மக்கள் இதைப் பார்த்துத் தாங்களும் அடித்தார்கள். அச்சு வெட்டியவருக்குக் கிரேக்கம் படிக்கத் தெரியாது, ஆனால் அங்கே ஏதோ இருக்க வேண்டும் என்று தெரியும், அதனால் முதலில் எழுத்துகள் பிசகின, அப்புறம் கோடுகளாயின, கடைசியில் வெறும் புள்ளிகள். அதனால் நான் எந்தக் காசை எடுத்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எழுத்தைத்தான் பார்ப்பேன்.

மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் காசுக்கும் இதே கதைதான். முன்பக்கம் கிரேக்கத் தலைமைக் கடவுள் சீயஸின் தலை, பின்பக்கம் குதிரை வீரன், எடை 14.4 கிராம் அளவில். நகல்களில் சீயஸின் தாடி முதலில் சுருள் சுருளாகி, பிறகு வெறும் வளைகோடுகளாகிவிடும். குதிரையின் மூட்டுகள் உருண்டைகளாகும், வீரனுக்குக் கால் காணாமல் போகும், சிலவற்றில் முதுகின் மேல் ஒரு சின்ன முண்டம் மட்டும் மிஞ்சும். தராசும் பேசும்: ஆரம்ப நகல்கள் மூலத்தின் எடைக்குப் பக்கத்திலேயே இருக்கும், பிற்காலத்தவை சில 10 கிராமுக்கும் கீழே, வெள்ளியில் செம்பும் கூடியிருக்கும்.

இவற்றை 'அரைகுறை நகல்' என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. அப்பல்லோ கடவுளின் தலையும் தேரும் பொறித்த பிலிப்பின் 'ஸ்டேட்டர்' என்ற தங்கக் காசு, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டு வழியாகப் பிரிட்டன் போய்ச் சேர்ந்த கதையைப் பாருங்கள். அங்கே சில காசுகளில் அப்பல்லோவின் முகமே இல்லை, அவர் சூடிய மாலை மட்டும் காசு முழுக்கப் படர்ந்திருக்கிறது, இரட்டைக் குதிரைத் தேர் ஒற்றைக் குதிரையாகிவிட்டது, தேரின் சக்கரம் மட்டும் அதன் வயிற்றுக்குக் கீழே தனியாகக் கிடக்கிறது. கை வராதவர் செய்யும் வேலையா இது? அந்தக் குதிரையின் துள்ளலைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

ஒரு எச்சரிக்கை. காசுப் பட்டியல்களில் 'கெல்டிக்' (பழைய ஐரோப்பாவின் கெல்ட் மக்கள் அடித்தது) என்று போட்டிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தாசோஸ் வகை நகல்களில் திரேசியர் (இன்றைய பல்கேரியா பக்கத்தில் வாழ்ந்த வேறொரு மக்கள்) அடித்தவையும் உண்டு என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. காசில் பெயர் இல்லாதபோது எங்கே கண்டெடுக்கப்பட்டது என்பதும், ஒரே அச்சில் அடித்த மற்ற காசுகள் எங்கே கிடைத்தன என்பதும்தான் கைகொடுக்கும். கிடைத்த இடம் தெரியாத காசு என்றால் நான் 'தாசோஸ் வகை நகல்' என்று மட்டும் எழுதி வைத்துவிடுவேன்.