கைராசியும் கணக்கும்

இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டால், பினாங்கில் நம் ஆட்கள் முதலில் விசாரிப்பது டாக்டரின் கைராசியை. அடுத்தது வயது. தலை நரைத்திருந்தால் ஒரு நிம்மதி. நான் அறுவைக்கூடத் தாதி என்று தெரிந்துவிட்டால் போதும், கோயில் அன்னதான வரிசையில்கூட யாராவது என்னை ஓரமாக அழைத்து, "மிஸ்ஸி, யார் நல்ல டாக்டர்?" என்று கேட்பார்கள். பெயர் சொல்வது என் வேலை இல்லை. சொன்னால் அப்புறம் வேலையும் இருக்காது. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே பல மருத்துவர்களின் கைகளைப் பார்த்துவிட்டேன். அதனால் ஒன்று சொல்வேன்: நரைமுடி இருக்கட்டும், போன ஆண்டு அவர் எத்தனை இடுப்பு மூட்டு மாற்றினார் என்று கேளுங்கள்.

முப்பது ஆண்டு அனுபவம் என்கிறார்கள். அந்த முப்பது ஆண்டும் எதில் கழிந்தது? நம் நாட்டில் எலும்புப் பிரிவுக்கு மோட்டார் சைக்கிள் விபத்துகளால் ஓயாத வேலை. தொடையெலும்புக்குள் ஆணி இறக்குவதிலும் தகடு வைத்துத் திருகுவதிலும் கைதேர்ந்த ஒருவர், இடுப்பு மூட்டை ஆண்டுக்கு நாலைந்து முறை தொட்டிருந்தாலே அதிகம். அவரைத் திறமை குறைந்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஒரு வேலை மட்டும் ஒவ்வொரு முறையும் அவருக்குப் பாதி புதிதாக இருக்கும், அவ்வளவுதான்.

இதை எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 2002 முதல் 2009 வரை முதன்முறையாக இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. முந்தைய ஓராண்டில் 35-க்கு மேல் செய்திராத மருத்துவர்களிடம் போனவர்களில் 1.9 சதவீதத்தினருக்கு மூட்டு நழுவியது, அதாவது புதிய மூட்டின் உருண்டை குழியிலிருந்து விலகியது. அதற்கு மேல் செய்தவர்களிடம் 1.3 சதவீதம். திரும்பவும் அறுவை தேவைப்பட்டது 1.5 சதவீதத்துக்கும் 1.0 சதவீதத்துக்கும். 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இடைவெளி இன்னும் பெரியது. அங்கே அரசு முதியோர் காப்பீட்டு நோயாளிகளில், ஆண்டுக்கு ஐந்து பேருக்கு மேல் செய்யாத மருத்துவர்களிடம் நழுவல் 4.2 சதவீதம், ஐம்பதுக்கு மேல் செய்தவர்களிடம் 1.5. யாரிடம் போனாலும் பெரும்பாலோர் நன்றாகவே நடந்து வீடு திரும்புகிறார்கள் என்பதும் இதே எண்களில் இருக்கிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை.

ஆனால் நழுவல் என்றால் என்ன என்று வார்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாழ்வான நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்து எழும்போது ஒரு சத்தம். கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக்கொள்ளும். ஆம்புலன்ஸ், மயக்க மருந்து, இரண்டு பேர் சேர்ந்து இழுத்து மூட்டை உள்ளே சேர்ப்பது. ஒருமுறை அப்படி ஆனவர் அதன்பிறகு எந்த நாற்காலியையும் நம்ப மாட்டார். மேடானிலிருந்து வந்து பினாங்கில் அறுவை செய்துகொண்டு திரும்பும் இந்தோனேசியருக்கோ நடுவில் கடல் வேறு இருக்கிறது.

நிறையச் செய்தவர் வேகமாகச் செய்வார், அதனால்தான் நல்லது என்று வெளியே நினைக்கிறார்கள். நான் பார்த்த வித்தியாசம் கத்தியை எடுப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பெலும்புக்கு முன்னும் பின்னும் தாங்குகளை வைத்து இறுக்குவோம். நான் மதிக்கும் மருத்துவர் ஒருவர், கை கழுவப் போகுமுன் தானே வந்து நோயாளியின் இடுப்பைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். கொஞ்சம் அசைந்தாலும் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி இறுக்கச் சொல்வார். இடுப்பெலும்புக் குழியில் பொருத்தும் செயற்கைக் கிண்ணம் ஏறத்தாழ 40 பாகை சாய்ந்தும் 15 பாகை முன்னோக்கியும் உட்கார வேண்டும், இரண்டிலும் பத்துப் பாகை கூடலாம் குறையலாம் என்று 1978-லேயே ஒரு வரையறை வந்துவிட்டது. அந்த வரையறைக்குள் இருந்தும் நழுவிய மூட்டுகள் உண்டு என்பது வேறு கதை. துணி போர்த்திய பின் நோயாளி உள்ளுக்குள் லேசாகச் சரிந்துவிட்டால், மருத்துவரின் கண் சரியாகவே அளக்கும். கிண்ணம் தவறாகவே உட்காரும்.

பிறகு கிண்ணம் உட்காரும் குழியைத் துருவுவது. தேங்காய்த் துருவியைப் பாதிப் பந்தாக வளைத்ததுபோல இருக்கும் அந்தக் கருவியை 44, 46, 48 என்று அளவு ஏற்றிக்கொண்டே கொடுப்பேன். குருத்தெலும்பு போய் அடியில் சிறுசிறு இரத்தப் புள்ளிகள் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். தொடையெலும்புக்குள் இறங்கும் செயற்கை மூட்டின் தண்டுக்கு இடம் செய்யும்போது காதுக்கு வேலை. அரத்தைச் சுத்தியலால் அடித்து இறக்க இறக்க, மந்தமான ஒலி ஒரு கட்டத்தில் கணீரென்று உயரும். அதன் பிறகும் அடித்தால் எலும்பு விரிசல் விடலாம். அதற்கு முன்பே நிறுத்திவிட்டால், நோயாளி நடக்கத் தொடங்கியதும் தண்டு அமிழ்ந்துபோகலாம்.

எல்லாவற்றையும் விட நான் கவனிப்பது சோதனை மூட்டைப் பொருத்திப் பார்க்கும் நேரம். உண்மையான மூட்டை வைக்குமுன் தற்காலிக உருண்டையை மாட்டி, காலை 90 பாகைக்கு மடக்கி உள்பக்கம் திருப்புவார்கள். நீட்டி வெளிப்பக்கம் திருப்புவார்கள். துணிக்கு மேலாக இரண்டு முழங்கால்களையும் தடவி நீளம் ஒப்பிடுவார்கள். உருண்டையையும் தண்டையும் இணைக்கும் கழுத்தின் நீளத்தை ஒரு படி கூட்டினால் மூட்டு இறுகும், கால் நீண்டுவிடும். குறைத்தால் கால் சமமாகும், மூட்டு தளர்ந்துவிடும். இந்தத் தளர்ச்சி பரவாயில்லையா, ஆபத்தா என்று எந்தக் கருவியும் சொல்லாது. எப்போதாவது செய்பவர் முதல் சோதனையிலேயே "போதும், சிஸ்டர்" என்று முடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். நிறையச் செய்தவர் மூன்றாம் முறையும் கழற்றுவார். கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் மயக்க மருத்துவரைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

மேசையைச் சுற்றி நிற்பவர்களும் அந்த எண்ணிக்கையில் சேர்த்திதான். மூட்டை எலும்போடு பிடித்துவைக்கும் எலும்புச் சிமெண்டு கலக்கும் நாளில், கலந்ததிலிருந்து அது கல்லாக இறுகும்வரை கையில் இருப்பது பத்து நிமிடம், முன்னே பின்னே. அறை சூடாக இருந்தால் அதுவும் சுருங்கும். அந்நேரம் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று தேடும் தாதியுடன் எவ்வளவு பெரிய மருத்துவராலும் நிதானமாக வேலை செய்ய முடியாது. இதைச் சொன்னால் பணி அட்டவணை போடுபவருக்குப் பிடிக்காது.

பயிற்சி மருத்துவர் என்றதும் முகம் சுளிக்கும் குடும்பங்களும் உண்டு. மூத்தவர் எதிரே நின்று ஒவ்வொரு படியையும் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு அதில் கவலை இல்லை. சில நாள்களில் இரண்டு ஜோடிக் கண்கள் இருப்பதே நல்லதாகப் போகிறது.

நிறையச் செய்தவரிடம் இன்னொரு குணமும் வந்துவிடுகிறது: நோயாளியின் வீட்டைப் பற்றிக் கேட்பார். குந்தி உட்காரும் கழிப்பறையா, கோயிலில் தரையில் சம்மணம் போடுவீர்களா என்று அறுவைக்கு முன்பே விசாரிப்பார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறலாமா என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, "படி ஏறுவது பிரச்சினை இல்லை ஐயா, மேலே போய்த் தரையில் உட்காருவதுதான் பிரச்சினை. முதல் மூன்று மாதம் கீழேயே கும்பிடுங்கள்" என்று பதில் வந்தது.

ஓர் இடத்தில் மட்டும் என் கணக்கைத் தள்ளிவைக்கச் சொல்வேன். பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து தொடையெலும்பின் கழுத்து உடைந்துவிட்டால், மருத்துவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. 36 மணி நேரத்துக்குள் அறுவை நடக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் வைத்திருக்கும் இலக்கு. இங்கே பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கூடுவார்கள். மூத்தவர் கோலாலம்பூருக்குக் கொண்டுபோகலாம் என்பார், இளையவள் தெரிந்த டாக்டர் விடுமுறை முடிந்து வரட்டும் என்பாள். நாலு நாள் போய்விடும். அதற்குள் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் இரத்தம் உறையும். அருகில் இருக்கும் பொது மருத்துவமனையில் அன்றைக்கோ மறுநாளோ செய்துவிடுவதே அவருக்கு நல்லது.

மற்றபடி, அவசரமில்லாத அறுவைக்குக் கேட்க நேரம் உண்டு. டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம்தான் நம்மைத் தடுக்கிறது. இங்கிலாந்தில் 2003-இல் தொடங்கிய தேசிய மூட்டுப் பதிவேட்டில் எந்த மருத்துவர் எத்தனை செய்தார் என்று யாரும் பார்க்கலாம். இங்கே வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

கிளினிக்கில் ஆள் குறைந்து நான் உதவிக்குப் போயிருந்த ஒரு நாள், பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அப்படிக் கேட்டார். பல ஆண்டுகளுக்கு முன் மாற்றிய இடுப்பு மூட்டு அவருக்குத் தளர்ந்துவிட்டது. "கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள் டாக்டர், இது மாதிரி வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?"

இடுப்பை ஆட்டிப் பார்ப்பவர் என்றேனே, அவர்தான் மருத்துவர். "புதிதாக மாற்றுவது என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு செய்கிறேன், டீச்சர். பழையதைக் கழற்றிவிட்டு வைப்பது வருடத்துக்கு மூன்று நான்குதான் வரும். கோலாலம்பூரில் அதையே செய்துகொண்டிருப்பவர் ஒருவர் இருக்கிறார்" என்று சொல்லிக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு உண்மையாகப் பேசுகிறாரே மிஸ்ஸி, இவரே செய்துவிடக் கூடாதா?" எக்ஸ்ரே படங்களை மறக்காமல் எடுத்துப் போகச் சொன்னேன். பழைய மூட்டின் நிறுவனமும் அளவும் ஒட்டிய சீட்டு வீட்டு அலமாரியில் எங்காவது கிடந்தால் அதையும் தேடச் சொன்னேன். அது கிடைத்தால், கழற்றப்போகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.