74 படிகளும் ஒற்றைக் காலும்

ஆறு வாரங்களுக்கு வலது காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று எலும்பு முறிவு மருத்துவர் சொன்னபோது, நானும் நல்ல மாணவியைப் போலத் தலையாட்டினேன். அவர் நின்றதும் நான் படுத்திருந்ததும் வழவழப்பான சமதரையில். என் வீடு இருப்பதோ, இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா செல்லும் பாதையை ஒட்டிய தேயிலைத் தோட்டமொன்றில், வாகனம் வந்து நிற்கும் இடத்துக்கு 74 படிகள் மேலே, லயம் எனப்படும் வரிசை வீடுகளின் கடைசித் தொங்கலில். கருங்கல்லும் மண்ணும் கலந்து யாரோ எந்தக் காலத்திலோ அமைத்த அந்தப் படிகளில் ஒன்றின் உயரம் மற்றொன்றுக்கு இல்லை. கைபிடி என்பது அவற்றுக்கு இருந்ததே இல்லை. பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய படிகள் எத்தனை என்பதைக்கூட நான் கால் முறிந்த பிறகுதான் எண்ணித் தெரிந்துகொண்டேன்.

விழுந்த கதையில் சொல்வதற்கு அதிகமில்லை. ஜூன் மாதத் தென்மேல் பருவமழை நாட்கணக்கில் விடாமல் பெய்து, படிகளில் பாசி ஏறியிருந்தது. ஒரு கையில் குடையும் மறு கையில் ஐந்தாம் தரப் பிள்ளைகளின் விடைத்தாள் கட்டுமாக இறங்கியபோது பாதம் உட்பக்கமாக மடங்கி, காய்ந்த மிலாறு, அதாவது தேயிலைக் குச்சி, முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. விடைத்தாள்கள் நனையவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

எக்ஸ்ரே படத்தில் முறிவு ஒரு மயிரிழை போலத்தான் தெரிந்தது. பாதத்தின் வெளி ஓரமாகச் சுண்டுவிரலுக்குப் பின்னால் ஓடும் நீளமான எலும்பு, அதன் அடிப்பகுதியில் முறிந்திருந்தது. இவ்வளவு சிறிய கீறலுக்கு இவ்வளவு பெரிய கட்டா என்று கேட்டேன். எலும்பின் அந்தக் குறிப்பிட்ட பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது ஆறுவதற்குச் சோம்பல்படும் என்றும், இடையில் பாரம் ஏற்றினால் ஒட்டாமலே போய்விடக்கூடும் என்றும் மருத்துவர் விளக்கினார். வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடிப் படித்தபோது, இந்த முறிவுக்கு ஜோன்ஸ் என்று ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. ரொபர்ட் ஜோன்ஸ் என்ற பிரித்தானிய அறுவை மருத்துவர், நடனமாடும்போது தம் காலிலேயே ஏற்பட்ட முறிவையும் சேர்த்து 1902ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினாராம். அவருக்கு நடனம், எனக்குப் பாசி. ஆளுக்கேற்ற காரணம்.

முதல் சிக்கல் கட்டு உலர்வதில் தொடங்கியது. பிளாஸ்டர் சில நிமிடங்களிலேயே இறுகிவிடும் என்றாலும், உட்புறம் வரை முழுவதுமாக உலர இரண்டு மூன்று நாட்கள் தேவை. எங்கள் பக்கத்து ஜூன் மாதத்திலோ துவைத்துப் போட்ட துணி ஐந்தாம் நாளும் ஈர வாடை அடிக்கும். அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துச் சென்று, கட்டுப்போட்ட காலைத் தணலுக்குக் கிட்ட வைக்கப் பார்த்தார். பிளாஸ்டர் சூட்டை உள்ளே வாங்கித் தோலைச் சுட்டுவிடும் என்று மருத்துவமனையில் எச்சரித்திருந்ததால் மறுத்துவிட்டேன். காலைத் தலையணையின் மேல் திறந்தபடி வைத்து, காற்று தன் வேலையைச் செய்யட்டும் என்று மூன்று நாட்கள் கிடந்தேன்.

கிடப்பதும் ஒரு வேலைதான் என்பதை அந்த மூன்று நாட்களில் கற்றேன். காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் விரல்கள் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறி, கட்டுக்குள் பாதம் பொங்கிவருவது போல இருக்கும். இதயத்தைவிட உயரத்தில் கால் இருக்க வேண்டுமென்றால் ஒரு தலையணை போதாது. இரண்டு தலையணையும் மடித்த கம்பளியும் வேண்டும். மணிக்கொரு தடவை விரல்களை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ வந்தாலும், மூச்சு வாங்கினாலும், இரத்தம் உறைந்திருக்கலாம் என்பதால் நேரம் பாராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று தாதி ஒருவர் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சொல்லின் பயத்திலேயே நான் விரல்களை ஒழுங்காக அசைத்தேன்.

ஊன்றுகோல்களைப் பற்றி எனக்கிருந்த எண்ணமெல்லாம் தவறு. அவற்றைக் கக்கத்தில் முட்டுக்கொடுத்துத் தொங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் மேற்பட்டை கக்கத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே நிற்க வேண்டும்; பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்க வேண்டும். கக்கத்தில் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். படிகளுக்கும் ஒரு விதி உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் நோயாளிக் காலும் முதலில். மருத்துவமனையின் நான்கு சீமெந்துப் படிகளில் அதைச் சரியாகவே செய்துகாட்டினேன். எங்கள் படிகளின் முன்னால் அந்த விதி முதல் நாளே தோற்றது. ஊன்றுகோலின் அடியிலுள்ள இறப்பர், ஈரப் பாசியில் சவர்க்காரம் போல வழுக்கியது. அன்றைக்கு என் தம்பியும், பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவரும், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் என்னை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பையன்களில் ஒருவன் என்னிடம் படித்தவன். "பயப்பிடாதீங்க டீச்சர், கேஸ் சிலிண்டரவிட நீங்க பாரமில்ல" என்று அவன் சொன்னதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிறகு இறங்குவதற்கு வழி கண்டுபிடித்தவர் அம்மாதான். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கு ஒன்று, ஓய்வு பெற்ற பின்னும் வாசலுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தேயிலைக் கிளைகள் உடுப்பைக் கிழிக்காமலும் பனி ஈரம் ஏறாமலும் இருப்பதற்காக உள்ள அந்தத் தடித்த படங்கை என் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, "ஒக்காந்து எறங்கு, பாப்பா" என்றார். அப்படியே உட்கார்ந்து, கைகள் இரண்டையும் பின்னால் ஊன்றி, இடது காலால் உந்தி, கட்டுப்போட்ட காலை முன்னால் நீட்டியபடி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். முதல் தடவை 25 நிமிடங்கள் பிடித்தன. கீழே ஆட்டோக்காரர் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல், ஊரிலுள்ள பாதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒருத்தி, அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பார்த்திருக்கப் படிகளில் உட்கார்ந்து இறங்குவதில் வெட்கம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால், நிற்காத ஆள் விழ முடியாது. அந்தக் கணக்கு வெட்கத்தை வென்றது.

எல்லாவற்றிலும் கடினமானது எது என்று வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். எங்கள் மலசலகூடம் வீட்டுக்கு வெளியே, குந்தி உட்காரும் வகையைச் சேர்ந்தது. ஒற்றைக் காலில் குந்தி எழும்புவது வித்தைக்காரர்களுக்கு மட்டுமே முடியும். தம்பி பழைய பிளாஸ்டிக் கதிரையொன்றை எடுத்து, கத்தியைத் தணலில் பழுக்கக் காய்ச்சி, இருக்கையின் நடுவில் வட்டமாக வெட்டினான். வெட்டிய ஓரம் தோலைக் கிழிக்காமல் இருக்க சைக்கிள் டியூபைப் பிளந்து சுற்றிலும் வைத்துத் தைத்தான். இருக்கையின் நடுப்பகுதி போனால் கதிரை வலுவிழக்கும் என்பதால் கீழே குறுக்காக இரண்டு மரச்சட்டங்களும் அறைந்தான். கைகளுள்ள கதிரையாக அது இருந்ததுதான் முக்கியம். கையை ஊன்றாமல் எழும்ப இயலாது. கடையில் விற்கும் கொமோட் கதிரைக்கு என் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்திருக்க வேண்டும். தம்பிக்கு நான் இதுவரை நன்றி சொல்லவில்லை, பொருளின் தன்மை அப்படி.

குளிப்பது அதைவிட இலகு. சொப்பிங் பேக் இரண்டை ஒன்றின் மேலொன்றாகக் கட்டின் மேல் மாட்டி, முழங்காலுக்குக் கீழே இறப்பர் வளையம் போட்டு, காலை இன்னொரு வாளியின் மேல் நீட்டிவைத்துக்கொண்டு, கதிரையிலிருந்தே வெந்நீர் ஊற்றிக் குளிக்கலாம். பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் குளிக்கும் சுகத்தை மட்டும் இரண்டு மாதங்கள் மறந்திருக்க வேண்டும்.

சமையலறையில் நான் எதிர்பாராத இழப்பு ஒன்று இருந்தது. இரண்டு கைகளும் ஊன்றுகோலுக்குப் போய்விட்டால், ஒரு கோப்பைத் தேநீரை அடுப்படியிலிருந்து கட்டிலுக்குக் கொண்டுவர முடியாது. எந்தப் பொருளையும் எடுத்துச் செல்ல முடியாது என்பது, நடக்க முடியாது என்பதைவிட அதிகமாக எரிச்சலூட்டியது. மூடி இறுகும் போத்தலொன்றில் தேநீரை ஊற்றி, கழுத்தில் மாட்டிய துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு தத்தித் தத்தி நடக்கப் பழகினேன். அந்தப் பைக்குள் கைப்பேசி, மாத்திரை, சிவப்புப் பேனா, பிஸ்கட் என்று ஒரு குடித்தனமே இருந்தது. ரொட்டிக்கு மாப் பிசைவது, கீரை ஆய்வது, வெங்காயம் உரிப்பது ஆகியவை கட்டிலுக்கு வந்தன. தேங்காய் திருவுவது மட்டும் முழுக்க என் பொறுப்பாயிற்று. திருவலையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டாவது கால் தேவைப்படுவதில்லை.

ஒரு மாலை அம்மா என் கட்டின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய இடது பாதத்தின் மேற்புறத்தில் இருக்கும் புடைப்பைப் பற்றிக் கேட்டேன். சிறு வயதிலிருந்து பார்த்துவந்த புடைப்புத்தான், கேட்கத் தோன்றியதில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடிந்த மலையில் வெட்டுக்கட்டை இடறி விழுந்ததாகவும், நான் அப்போது பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், இருந்த குழந்தை என்றும், மூன்றாம் நாள் துணியைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். ஏன் போனீர்கள் என்று கேட்டதற்கு, "போகாட்டி யாரு பேரு போடுவா?" என்றார். பேர் போடுவதென்றால் அன்றைய நாட்கூலிக்கு வருகை பதிவது. வேலை நேரத்தில் காயப்பட்ட தொழிலாளிக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அதை அந்த மலையில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மாதச் சம்பளமும் மருத்துவ விடுமுறையும் உள்ள ஒருத்தியால் மட்டுமே "காலை ஊன்றக் கூடாது" என்ற அறிவுரையைக் கடைப்பிடிக்க முடியும் என்பதை அன்றிரவு நீண்ட நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். நாட்கூலி 1000 ரூபாய் ஆவதற்கே 2021ஆம் ஆண்டு வரை போராட வேண்டியிருந்த மக்களிடம், ஆறு வாரம் படுத்திருங்கள் என்று எப்படிச் சொல்வது?

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பிஸ்கட் பக்கெட்டும் ஆளுக்கொரு வைத்தியமும் கொண்டுவந்தார்கள். நண்டு ரசம், ஆட்டுக்கால் சூப், முருங்கைக்கீரை ஆகியவற்றை மறுக்கவில்லை. கட்டை வெட்டிவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கமுள்ள முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய்ப் பத்துப் போடும்படி சொன்ன பெரியப்பாவிடம் மட்டும், ஆறு வாரம் முடியட்டும் என்று பணிவாகச் சொல்லித் தப்பினேன். கட்டுக்குள் அரிப்பெடுத்தபோது ஈர்க்கை நீட்டியவர்களும் உண்டு. உள்ளே தோல் கீறிவிட்டால் அது புண்ணாகிச் சீழ் பிடிப்பதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. எனவே கட்டின் மேல் விரலால் தட்டியே சமாளித்தேன். ஒருநாள் கிளினிக் போய்த் திரும்பியபின் கட்டின் முனையில் இரத்தம் கசிந்திருப்பதைக் கண்டு அம்மா அலறிவிட்டார். தேடிப் பார்த்தால், விரல் இடுக்கில் கொழுத்த அட்டையொன்று. படிகளில் உட்கார்ந்து இறங்கியபோது ஏறியிருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கட்டுக்குள் இறங்கக் கூடாதே என்பதற்காக, அதை நகத்தால் மெல்லத் தள்ளி எடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

ஆறாவது வாரத்து எக்ஸ்ரே போதாது என்றார்கள்; இன்னும் இரண்டு வாரம். எட்டாவது வாரத்தில் கட்டை வெட்டி எடுத்தபோது வெளியே வந்த கால் என்னுடையதாகத் தெரியவில்லை. கெண்டைச் சதை கரைந்து, தோல் மீன் செதிலைப் போல உரிந்து, கணுக்கால் துருப்பிடித்த கீல் போல அசைய மறுத்தது. முதலில் 20 கிலோ பாரம் மட்டும் கொடுத்துப் பழகுங்கள் என்று இயன்மருத்துவர் சொன்னார். 20 கிலோ என்றால் எவ்வளவு என்று காலுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளின் நிறை பார்க்கும் தராசைப் பாடசாலையிலிருந்து சக ஆசிரியை கொண்டுவந்து தந்தார். அதில் வலது பாதத்தை வைத்து, முள் 20இல் நிற்கும் வரை அழுத்தி, அந்த அழுத்தத்தைக் கால் மனப்பாடம் செய்யும்வரை நாளும் பத்து இருபது தடவை பயிற்சி செய்தேன். வாரம் தோறும் முள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். ஓர் ஊன்றுகோலுக்கு இறங்கியபோது அதை நோகும் காலின் பக்கம் பிடிக்காமல் எதிர்ப்பக்கம் பிடிக்க வேண்டும் என்பது, எத்தனை முறை சொன்னாலும் கைக்கு ஏறாத இன்னொரு பாடம்.

பாடசாலையில் என் வகுப்பை மேல்மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றித் தந்தார்கள். பதினோராவது வாரத்தில், படங்கு இல்லாமல், தம்பி முன்னால் நடக்க அவன் தோளைப் பிடித்துக்கொண்டு 74 படிகளையும் நின்றபடி இறங்கினேன். ஒன்பது நிமிடங்கள். கீழிருந்து 20 படிகளுக்கு இப்போது பழைய தண்ணீர்க் குழாயாலான கைபிடி இருக்கிறது. மேலே உள்ளவற்றுக்குக் குழாய் தேடிக்கொண்டிருக்கிறோம்.

படங்கு மறுபடியும் வாசலுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஓட்டைக் கதிரையைக் கழுவி வெயிலில் வைத்திருந்தேன். மூன்றாவது வீட்டு அப்பாயி, முழங்கால் வலியால் குந்த முடியாதவர், வேலியோரமாக வந்து நின்று அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "அது இனிமே ஒனக்கு வேணுமா டீச்சர்?" என்று கேட்டார். அன்று மாலையே தம்பி அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தான்.