பெரிய இருமல்

கொரோனா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வென்டிலேட்டரும் கவச உடையும்தான். எனக்கு நினைவுக்கு வருபவர்கள் அமெரிக்காவின் நவாஹோ பழங்குடியினரிடையே வீடு வீடாகப் போன சமூகச் சுகாதாரப் பணியாளர்கள். 1968 முதல் அங்குள்ள பழங்குடிகளிடையே இயங்கும் திட்டம் அது. வெளியாட்கள் அல்ல, அந்தந்தச் சமூகத்து மக்களே பயிற்சி பெற்று வேலை செய்கிறார்கள்.

2020இல் உலகமே 'கையைக் கழுவு, கையைக் கழுவு' என்று ஓதிக்கொண்டிருந்தது. நவாஹோ நிலத்திலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீரே கிடையாது. எதைக் கொண்டு கழுவுவது? சுவரொட்டி அடித்தவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அந்த வீட்டுப் படியேறியவர்களுக்குத் தெரியும். எந்த மண்சாலையின் முடிவில் எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார், அவருடைய சர்க்கரை நோய் மாத்திரை எப்போது தீரும் என்பதும் தெரியும். தண்ணீரையும் உணவையும் மருந்தையும் வாசலில் வைத்துவிட்டு, எட்ட நின்று தாய்மொழியிலேயே பேசினார்கள். (இதை 'உதவியாளர்' வேலை என்று சுருக்குவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.)

கோவிட் 19 என்றால் பாட்டிக்கு என்ன புரியும்? நவாஹோ மொழியில் அதற்கு வைத்த பெயரின் பொருள்: 'பெரிய இருமல் பத்தொன்பது'.