விசில் குக்கர் போதாதா?

அமெரிக்காவின் ஒஹாயோவில் ஆகஸ்ட் பிறந்தால் கொல்லையில் உள்ள தக்காளி மொத்தமும் ஒரே வாரத்தில் பழுத்துத் தொலைக்கும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் பதிலுக்கு இரண்டு சுக்கினி (வெள்ளரி மாதிரி ஒரு காய்) வந்து சேரும். ஊராக இருந்தால் பாதியைத் தொக்காகக் கிளறி, மீதியை மொட்டை மாடி வெயிலில் வற்றலாகப் போட்டிருப்பேன். இங்கே மொட்டை மாடியும் கிடையாது, வெயிலை நம்பவும் முடியாது. அப்படித்தான் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தின் கேனிங் வகுப்பில், அதாவது காய்கனியைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் வகுப்பில், போய் உட்கார்ந்தேன்.

எக்ஸ்டென்ஷன் என்பது 1914-இல் வந்த ஒரு சட்டத்தால் நாடு முழுக்கப் பரவிய ஏற்பாடு. நம்மூர் வேளாண் விரிவாக்கம் போலத்தான். ஆனால் அடுப்படி வரை வருவார்கள். வகுப்பில் பெரும்பாலும் தோட்டம் போட்டிருக்கும் பாட்டிகள். தமிழ் பேச எனக்கு ஒரு மதுரைக்கார அக்கா கிடைத்தார்.

முதலில் வயிற்றில் புளியைக் கரைத்தார்கள். பாட்டுலிசம் என்பது உடலை முடக்கும் உணவு நஞ்சு நோய். அந்தக் கிருமியின் வித்து, கொதிக்கிற தண்ணீரில் சாகாது. காற்றுப் புகாத, புளிப்பில்லாத பாட்டில் கிடைத்தால் முளைத்து நஞ்சு கக்கும். வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 2015-இல் கொலம்பஸுக்குப் பக்கத்து லங்காஸ்டரில், சர்ச் விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்ட 29 பேருக்கு இந்த நோய் வந்தது, ஒருவர் இறந்தார். கிழங்கை வீட்டில் பாட்டிலில் அடைத்து வெந்நீரில் மட்டும் வைத்திருந்தார்கள். அமிலக் கணக்கு (pH, எண் ஏற ஏறப் புளிப்பு குறையும்) 4.6-க்கு மேலே போகும் காய்க்கும் கறிக்கும் 116 டிகிரி சூடு வேண்டும். அதற்கு ஆவி அழுத்தத்தில் பாட்டில்களைச் சூடேற்றும் பெரிய பாத்திரமான பிரஷர் கேனர்தான்.

"ஏம்மா, நம்ம குக்கர்ல நாலு விசில் விட்டா ஆகாதாமா? கேளேன்" என்றார் அக்கா. கேட்டேன். ஆகாதாம். நான்கு குவார்ட் (கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) பாட்டிலாவது நிற்கிற பாத்திரமாக இருக்க வேண்டும். சின்ன குக்கர் சட்டென்று சூடேறி சட்டென்று ஆறிவிடும். அவர்கள் சோதித்துச் சொல்லும் நேரத்தில், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அந்தச் சூடும் சேர்த்தி. அக்காவுக்கு மனசே ஆறவில்லை.

தக்காளிக்கு வெந்நீர் முறையே போதும். ஆனால் அது 4.6-ஐ ஒட்டி நிற்கிற ஆசாமி, நம்ப முடியாது. பைன்ட் (கிட்டத்தட்ட அரை லிட்டர்) பாட்டிலுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, அதுவும் கடைப் பாட்டில் சாறுதான். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறுமே. மசித்துக் கொதிக்கவிட்ட தக்காளியை அரை அங்குலம் விட்டு நிரப்பி, குச்சியால் காற்றுக் குமிழை எடுத்து, விளிம்பைத் துடைத்து மூடி, 35 நிமிஷம் கொதிநீரில் மூழ்க வைத்தோம். எடுத்து வைத்து ஆறும்போது மூடி ஒவ்வொன்றாக 'டிங்' என்று உள்வாங்கியது. அக்கா எண்ணிக்கொண்டே இருந்தார்.

தொக்குக்கும் பூண்டு ஊறுகாய்க்கும் என்ன வழி? சோதித்த செய்முறை இல்லாவிட்டால் அலமாரியில் வைக்காதே, ஃபிரிட்ஜ் அல்லது ஃப்ரீசர் என்று முடித்துவிட்டார்கள். பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டால் ஃபிரிட்ஜிலும் நாலு நாள்தான். பாட்டி ஜாடியில் உப்பும் புளியும் காரமுமாக வருஷம் தாங்கியதே என்று எனக்கும் வாய்வரை வந்தது. ஆனால் என் கை உப்பு பாட்டி கை உப்பு அல்ல, ஃபிரிட்ஜே இருக்கட்டும்.

சேர நினைப்பவர்கள் கோடைக்கு முன்பே உங்கள் கவுன்ட்டி அலுவலகத்துக்கு போன் போடுங்கள். பழைய கேனர் வாங்கினால் அழுத்தம் காட்டும் முள் மீட்டரைச் சரிபார்த்துத் தருவார்களா என்றும் கேளுங்கள். பல இடங்களில் செய்கிறார்கள்.