இரண்டு பேரன், இரண்டு இனம்

என் கணவரின் அண்ணன் பிள்ளைகள் மலாய்க்காரர்கள். என் பிள்ளை இந்தியன். இரு பக்கத்துக்கும் தாத்தா ஒருவர்தான். கடையநல்லூரிலிருந்து கப்பலேறி மலேசியாவுக்கு வந்து, சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்துக்கு எதிரே மளிகைக்கடை போட்ட தமிழ் முஸ்லிம்.

அதே கடையநல்லூரிலிருந்து மருமகளாக வந்த எனக்கு இது பிடிபட நாளாயிற்று. மகன் பிறப்பைப் பதியப் போனோம். பாரத்தில் இனத்துக்கென்று ஒரு கட்டம். அதிகாரி பேனாவோடு நிமிர்ந்து, "இந்தியரா, மலாய்க்காரரா?" என்றார். இனத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

அரசியல் சாசனத்தின் 160ஆவது விதி மலாய்க்காரருக்குச் சொல்லும் இலக்கணத்தில் முதலில் வருவது இஸ்லாம். அடுத்தது வழக்கமாக மலாய் பேசுவது, பிறகு மலாய் பழக்கவழக்கம். சுதந்திரத்துக்கு முந்தைய வேரும் வேண்டும். அண்ணி மலாய்க்காரர், வீட்டுப் பேச்சும் மலாய். பிள்ளைகள் அந்தப் பக்கம் போனதில் அதிசயமில்லை. வீடு வாங்கினால், மலாய்க்காரர் முதலிய 'மண்ணின் மைந்தர்'களுக்கான பூமிபுத்ரா தள்ளுபடி வேறு. "சோறு போடுற பேரு எதுவோ, இருந்துட்டுப் போகட்டுமே" என்பார் மாமியார். என் கணவர்தான் பிடிவாதமாக இந்தியர் என்று எழுதினார். தமிழ்ப்பற்றா, அண்ணன்மேல் கோபமா? இன்றுவரை நான் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா முப்பது வருஷம் ரப்பர் மரம் கீறிப் பால் எடுத்தவர். நான் கடைக்குப் போனால் மகனைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஒருநாள் ஈப்போ நகரத்து இந்துத் தாய் ஒருவரின் வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தது; அவர் பெயரும் இந்திரா காந்திதான். ஈப்போ இங்கிருந்து அரை மணி நேரம்தான். அந்தத் தாயின் கதை இவர்களுக்குப் பக்கத்துத் தெருக் கதை. 2009இல் அவருடைய கணவர் இஸ்லாத்துக்கு மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றி, பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த மதமாற்றம் செல்லாது என்று 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் குழந்தை வரவில்லை.

"கோர்ட்டு சொல்லியும் புள்ளைய குடுக்கலையே. அப்ப சட்டம் யாருக்குலா?" என்றவர், என் முக்காட்டைப் பார்த்துச் சட்டென்று குரலை இறக்கினார். "உன்னைச் சொல்லலம்மா."

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் பெயரைக் கேட்டதும் வீடு இல்லையென்று சொன்னவர்கள் மூன்று பேர். அதைச் சொல்லி அழுதால், அலுவலகத் தோழிகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிச் சமாதானம் சொல்வார்கள்: "அவங்க உன்னைச் சொல்லலப்பா." அந்த வார்த்தை எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும். இங்கே அதை பயந்துபோய்ச் சொன்னது அக்கா. பயப்பட வைத்தது என் முக்காடு.

மகன் அவர் மடியில் தூங்கிவிட்டிருந்தான். "தேத்தண்ணி போடட்டுமாக்கா?" என்று எழுந்தேன்.