கம்பத்துக்கு அந்தப் பக்கம்

மே 19
இங்கிலாந்து விசாவுக்குக் கைரேகை கொடுத்தாயிற்று. கடவுச்சீட்டு அவர்களிடம். மூன்று கிழமை என்று தாளில் இருக்கிறது. வாசலில் நின்ற பெடியனைக் கேட்டால், "சில நேரம் முந்தியும் வரும், சில நேரம் பிந்தியும் வரும்" என்கிறான். நல்ல தகவல்.

மே 20
சோளகம், தென்மேல் காற்று, பிடித்துவிட்டது. வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கக் கற்களில் அலை மோதி, கோச்சி யன்னல் வரைக்கும் தெறிக்கிறது. கல்கிசையில் சிவப்புக் கொடி. செப்டெம்பர் முடியும்வரை இந்தப் பக்கக் கடல் குளிக்க உதவாது. இப்போது குளிக்கிறதென்றால் நிலாவெளி, பாசிக்குடா.

மே 22
நிர்வாணக் கடற்கரைப் பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியது. எப்போதோ ஒருவர் ஆளில்லாத காலையில் குளித்துவிட்டுப் போட்ட புள்ளி, இன்னும் வரைபடத்தில் நிற்கும். அதை நம்பிப் பையைத் தூக்கக் கூடாது.

தேடுகிற முறை இதுதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் கடற்கரைகளுக்கு ‘நியூடிசம்’ என்றொரு குறி உண்டு. அதற்குள் உடுப்பில்லாமல்தான் இருக்கவேண்டும், இருக்கலாம், வழக்கமாக இருக்கிறார்கள், பொறுத்துக்கொள்கிறார்கள் என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். கடைசி இரண்டுக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கும் என்று எண்ணக் கூடாது. பிறகு செய்மதிப் படத்தைத் திறந்து கார் தரிப்பிடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். குடும்பங்கள் ஐஸ்கிரீம் கடையும் கழிப்பறையும் உள்ள முனையில் நின்றுவிடும். ஆடையில்லாப் பகுதி அநேகமாக அங்கிருந்து பதினைந்து, இருபது நிமிட நடையில், மணல்மேட்டுக்கோ பாறைக்கோ அந்தப் பக்கம் இருக்கும். அங்கே கடையும் இராது, குழாயும் இராது. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் இங்கிருந்தே சுமக்க வேண்டும்.

கடைசியாக, நிலம் யாருடையதோ அவர்களின் பக்கத்தில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: அனுமதி யார் கொடுத்தது, எங்கிருந்து எங்கே வரை, எப்போது எழுதியது. மூன்றாவதைத்தான் சனம் விட்டுவிடுகிறது. ஸ்பெயினில் 1988இலேயே இது குற்றம் இல்லை என்றாகிவிட்டது. ஆனாலும் ஊர்ச்சபைகள் தனி விதி போடுகின்றன. பார்சிலோனா 2011இல் தெருக்களில் தடை போட்டது. நாட்டின் சட்டத்தை மட்டும் படித்துவிட்டுப் போனால் பொலிஸ்காரன் ஊர் விதியைக் காட்டுவான்.

மே 23
மெயில் இல்லை.

மே 25
"இவ்வளவு காசைக் கொட்டி இங்கிலாந்துக் கடற்கரைக்கு ஏன்? சிலாபம் பக்கம் ஆளே இல்லாத கரை கிடக்குதே" என்று ஒரு கேள்வி.

முதலில் சட்டம். இலங்கையில் அப்படி ஒரு கடற்கரை கிடையாது. மேலாடையில்லாமல் வெயில் காய்வதற்கும் இடமில்லை, வெள்ளைக்காரருக்கும்தான். 2018இல் சிகிரியாவுக்குப் பக்கத்துப் பிதுரங்கல மலை உச்சியில் பின்புறம் காட்டிப் படம் எடுத்துப் போட்ட மூன்று இளைஞர் கைதானது எல்லோருக்கும் தெரியும். ‘எங்களுடைய தனிக் கரை’ என்று ஹோட்டல் சொன்னாலும் அலை தொடும் மணல் அரசாங்கத்துடையது, யாரும் நடந்து வரலாம்.

சட்டத்தை விடுவோம். அந்தக் கரையில் ஆள் இல்லை என்று யார் சொன்னது? பத்து மணிக்குப் போனவர் சொல்வது. விடியப் போய்ப் பார்க்க வேண்டும். கரைவலையின் இரண்டு வடத்தையும் இரண்டு பக்கமும் பிடித்து, குதியை மணலில் ஊன்றி, பின்புறமாகவே நடந்து வருவார்கள். வால்முனையில் நிற்கிற கடைசி ஆள் வடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு முன்னுக்கு ஓடி மறுபடி பிடிப்பான். வலையின் மடி கரைக்கு வர நேரமாகும். வந்ததும் கூடையோடு பெண்கள் இறங்குவார்கள். அது அவர்களுடைய வேலைத்தளம். எட்டரைக்கெல்லாம் வலையை உதறிவிட்டுப் போய்விடுவதால் அது வெறுங்கரை ஆகிவிடாது.

ஆடையில்லாக் கடற்கரைக்குத் தனிமை வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பிறைட்டனில் அப்படியொரு கரைக்குத் தலைக்கு மேலே வீதி போகிறது. வேண்டியது ஒரு எல்லை, அந்த எல்லையைப் பக்கத்தில் இருப்பவர்களும் ஏற்றுக்கொண்டிருப்பது. இதைச் சொன்னால், "அப்ப வெக்கம்?" என்று கேட்கிறார்கள். வெட்கத்துக்கும் எல்லைதான் மருந்து.

மே 29
இங்கிலாந்துச் சட்டம் சுருக்கமாக: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உடுப்பில்லாமல் இருப்பது மட்டும் குற்றமாகாது. 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம், 66ஆம் பிரிவு, பிறரைக் கலவரப்படுத்தும் நோக்கத்தோடு காட்டுவதைத்தான் குற்றம் என்கிறது. ஸ்கொட்லாந்துச் சட்டம் வேறு, அதை இதோடு குழப்பக் கூடாது.

ஸ்ரட்லண்ட். டோர்செற் கரை, நிலம் நாஷனல் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளையுடையது. லண்டன் வாட்டர்லூவில் இருந்து போர்ண்மவுத்துக்கு ரெயிலில் இரண்டு மணித்தியாலம் அளவில். அங்கிருந்து 50ஆம் இலக்க பிரீசர் பஸ். சாண்ட்பாங்ஸில் பஸ்ஸே சங்கிலிப் படகில் ஏறி அக்கரை இறங்கும், ஆள் அசையத் தேவையில்லை. ஷெல் பே பக்கம் இறங்கினால் தெற்கே நடக்க வேண்டும், நோல் பக்கம் இறங்கினால் வடக்கே. இதற்கப்பால் ஆடையில்லாதவர்களைக் காணலாம் என்று பலகை நிற்கும். அந்தப் பலகையைத் தாண்டிய பிறகுதான் களைவது. மற்ற முனையில் இருக்கும் பலகைக்கு முன்னால் உடுத்திவிட வேண்டும். குளிக்கப் போய்க் கடலோடு இழுபட்டு எல்லைக்கு வெளியே கரையேறுகிறவர்களும் உண்டு. நீந்தும்போது கரையில் ஒரு அடையாளம் பிடித்துக்கொண்டு நீந்த வேண்டும்.

ஜூன் 1
சித்திக்கு, லண்டன் ஹரோவில் இரண்டு கிழமை நிற்பேன் என்று சொல்லியாயிற்று. சனிக்கிழமைகளைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜூன் 2
துவாய் வேண்டாம். நனைந்தால் கனம், மணலை வீடுவரை காவிவரும். மெல்லிய பருத்திச் சாரம் போதும்: ஒன்று விரிக்க, ஒன்று சுற்ற. விரிப்பது மூட்டாததாக இருந்தால் நல்லது. தடித்த கைத்தறி காய மாலையாகும், அதை எடுக்கக் கூடாது. எந்த நாட்டிலும் மாறாத ஒரு விதி: உட்காரும் இடத்தில் உன்னுடைய துணி இருக்க வேண்டும். மரக்குற்றி, வாங்கு, கடைக் கதிரை, எதுவானாலும்.

கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்து, ஈரத்துக்கு மேலேயே காய்ந்ததைச் சுற்றி, ஒரு விரல்கூட வெளியே தெரியாமல் மாற்றி வளர்ந்தவர்கள் நாங்கள். பலகைக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரி துவாயோடு ஒற்றைக்காலில் துள்ளும்போது அந்தப் பயிற்சியின் அருமை தெரியும்.

ஜூன் 5
ரொறன்ரோ ஸ்காபரோவில் இருந்து தங்கச்சி. எழுத்தில் கேட்க வெட்கமாம், குரல் பதிவு அனுப்புகிறாள். "அக்கா, ஹான்லன்ஸ் போனா எங்கட ஆக்கள் ஆரும் கண்டால்?"

"கண்டா அவையும் அப்பிடித்தானே நிற்பினம்."

ரொறன்ரோவில் வசதி அதிகம். நகரத் துறையில் இருந்து, ஆடையில்லாக் கரை உள்ள தீவின் ஹான்லன்ஸ் முனைக்கே தனிப்படகு. வேறு படகில் ஏறினால் தீவுக்குள் நீண்ட நடை. 1999இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 2002இல் நிரந்தரமாக்கினார்கள். உடுப்பு அவரவர் விருப்பம் என்பதால் உடுத்தவர்களும் இருப்பார்கள், பார்த்துத் திகைக்கத் தேவையில்லை. கரை மேற்குப் பார்த்தது, பின்னேரம் நல்லது. ஆனால் ஒன்ராறியோ ஏரி ஜூனில் இன்னும் குளிர். மழை பெய்த மறுநாள் நீர்ப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. மழைநீரோடு கழிவும் ஏரிக்கு வரும்.

சிட்னிக்காரருக்கு லேடி பே. 1976இல் அனுமதி. சேர்க்குலர் கீயில் படகேறி வொட்சன்ஸ் பே, பிறகு காம்ப் கோவ் தாண்டி நடை. சின்னக் கரை, கடல் ஏறும் பெருக்கில் மணலே மிஞ்சாது. நேரம் பார்க்காமல் போனால் பாறையில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

ஜூன் 8
மெயில் இல்லை. ஸ்பாமிலும் இல்லை. கடல் இன்னும் மண்ணிறம்.

ஜூன் 10, பொசன் போயா
தெருவெல்லாம் வெளிச்சக்கூடு. போயா, பௌர்ணமி, என்றால் கடலுக்கு உவா, பெரிய வற்றுப்பெருக்கு. கொழும்பில் அதை யாரும் கவனிப்பதில்லை. வற்றுக்கும் பெருக்குக்கும் இங்கே ஒரு மீட்டர் வித்தியாசம்கூட இல்லை. பிறைட்டனில் உவாக் காலத்தில் ஆறு மீட்டர் அளவு. எங்கள் ஆட்கள் அங்கே பையைத் தண்ணீர் ஓரத்தில் வைத்துவிட்டு நீந்தப் போவது இதனால்தான்.

கணக்கு பன்னிரண்டில் பங்கு பிரிப்பது. வற்றில் இருந்து பெருக்குக்கு ஆறு மணித்தியாலம். ஏறுகிற மொத்தத்தில் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. ஆறு மீட்டருக்கு அது அரை, ஒன்று, ஒன்றரை, ஒன்றரை, ஒன்று, அரை. நடு இரண்டு மணியில் மூன்று மீட்டர் ஏறிவிடும். தூங்கக் கூடாத நேரம் அது. போயாவையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் பிறைட்டனில் பெருக்கு நண்பகலை அண்டித்தான் வரும். செங்குத்தான கூழாங்கல் கரை, பெருக்கில் அலை நேரே கல்லில் குத்தும். நிற்பவரின் கெண்டைக்காலில் கல் அடிக்கும். தேய்பிறை நடுவில், வளர்பிறை நடுவில் போகலாம்.

அந்தக் கரையைச் சபை உறுப்பினர் எய்லீன் ஜேக்ஸ் வாதாடி 1980இல் வாங்கிக் கொடுத்தார். வோக்ஸ் மின்சார ரெயில், 1883இல் ஓடத் தொடங்கியது, இன்றும் அந்தக் கரை ஓரமாகப் போகிறது. கோச்சி ஓரக் கடல் எங்களுக்குப் புதிதில்லை. கற்குவியலை மேடாக உயர்த்தி மறைப்புக் கட்டியிருக்கிறார்கள். செருப்பில்லாமல் அந்தக் கல்லில் பத்து அடி நடக்க முடியாது. நீருக்குள் போகும் றப்பர்ச் சப்பாத்து வேண்டும்.

ஜூன் 13
காற்றை மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அங்கேயும் அதிகம் அடிப்பது தென்மேல் காற்றுத்தான், சோளகத்தின் அதே திசை. பிறைட்டன் தெற்குப் பார்த்த கரை, அடி நேரே விழும். ஸ்ரட்லண்ட் கிழக்குப் பார்த்தது, காற்று முதுகுப் பக்கம் தரையில் இருந்து வரும், கடல் குளம் போலக் கிடக்கும். அந்த அமைதியில் ஒரு கெடுதி: காற்றடைத்த மிதவையில் படுத்தால் ஓசைப்படாமல் வெளியே கொண்டுபோய்விடும். மிதவை வேண்டாம். கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் எல்லாம் தலைகீழ்.

ஜூன் 14
கறுத்தத் தோல் சுடாது என்று அம்மாவின் தலைமுறை சொல்லும். முகமும் கையும் பழகியிருக்கலாம். பிட்டம், மார்பு, முழங்காலின் பின்மடிப்பு இவையெல்லாம் வெயிலைக் கண்டதே இல்லை, அவைதான் முதலில் எரியும். கொழும்பின் வெயிலோடு பார்த்தால் அங்கே மெத்தென்று தெரியும், காற்றும் குளிர். அதுதான் பொறி. புறஊதாச் சுட்டெண் 3 ஆனாலே பூச வேண்டும். தென் இங்கிலாந்தில் ஜூனில் 7 வரை போகும்.

உடம்பு முழுக்க ஒருமுறை பூச 30 மில்லிலீற்றர் கிட்ட. இரண்டு மணிக்கொரு தரம், குளித்துத் துடைத்தாலும் மறுபடி. பதினொன்றில் இருந்து ஐந்து மணிவரை நின்றால் ஆளுக்கு 100 மில்லிலீற்றர் அளவு, 200 போத்தல் ஒன்றை இரண்டு பேர் ஒரே நாளில் முடிப்பார்கள். துத்தநாகக் கிரீம் எங்கள் தோலில் சாம்பல் பூசியது மாதிரி நிற்கும், அது கலக்காததை எடுக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம்.

ஜூன் 16
இல்லை.

ஜூன் 18
குளிர்நீர். இங்கே கடல் 28, 29 பாகை. அங்கே ஜூனில் 15 அளவு, ஆகஸ்ட் கடைசியில்தான் 17, 18. பாய்ந்து இறங்கினால் முதல் நிமிடத்தில் மூச்சு தானாக இழுக்கும், அந்த நேரம் வாய்க்குள் தண்ணீர் போனால் முடிந்தது. முழங்கால், இடுப்பு, பிறகு கழுத்தில் தண்ணீர் தெளித்து, மூச்சு ஒழுங்கான பின் நீந்த வேண்டும். பத்து நிமிடம் தாராளம். ஏறிய பிறகும் உடம்பு உள்ளே குளிர்ந்துகொண்டே போகும். உடுப்பில்லாக் கரை என்பதற்காக நடுங்கிக்கொண்டு நிற்கத் தேவையில்லை, சாரத்தைச் சுற்றிக்கொண்டு பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி.

வற்றில் மணலில் புதைந்து கிடக்கும் வீவர் மீனின் முதுகுமுள் குத்தும். பொறுக்கக்கூடிய அளவு சுடுநீரில் அரை மணித்தியாலம் காலை வைத்தால் விஷம் தணியும். திருக்கை குத்தினாலும் இதே வைத்தியம்தான். ஐஸ் வைக்கக் கூடாது. ஸ்ரட்லண்ட் புற்றரைக்குள் விரியன் பாம்பும் உண்ணியும் உண்டு, ஒதுங்கப் போகும்போது சப்பாத்து.

ஜூன் 21
தனியாகப் போகும் பெண்ணுக்கு: மணல்மேட்டுக்குள் இடம் பிடிக்காதே. மறைவு என்று தோன்றும், ஆனால் வேறு தேவைக்காகச் சுற்றுகிறவர்கள் மேட்டுக்குள்தான் சுற்றுவார்கள். நீர் ஓரம், திறந்த மணல், வயதான சோடிகளுக்குக் கிட்ட. அவர்கள் வருடக்கணக்காக வருகிறவர்கள், வேண்டாதவனை ஒரு பார்வையிலேயே அனுப்பிவிடுவார்கள். போன் பைக்குள். மெசேஜ் பார்க்க வேண்டுமென்றாலும் எழுந்து வெளியே போய்ப் பார். கையில் நிமிர்ந்த போன் எல்லோருக்கும் கமெராதான்.

மெசேஜ் பார்க்க ஒன்றும் இல்லையே.

ஜூன் 24
அப்படியே அனுப்பாமல் விட்டால் குரோஷியாவா? கொவர்சாடா, 1961இல் இருந்து. வாசலில் காசு கட்டி, கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்து உள்ளே போகும் முகாம். எல்லை வேலியாகவே இருக்கிறது, புதிதாகப் போகிறவர்களுக்கு அதுதான் சுலபம். ஆனால் அதற்கு வேறு விசா, மறுபடி வங்கிக் கணக்கு, மறுபடி கைரேகை. வேண்டாம். நினைக்கவே அலுப்பாக இருக்கிறது.

ஜூன் 26
சனிக்கிழமைக்கான வற்றுப்பெருக்கு அட்டவணையை அச்செடுத்தேன். மூலையில் சின்ன எழுத்தில் கிரீன்விச் நேரம் என்று இருக்கிறது. கோடையில் அங்கே கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே ஓடும், எல்லா நேரத்துக்கும் ஒன்று கூட்ட வேண்டும். ஆகவே வற்று 11.20 இல்லை, 12.20. முதல் பஸ்ஸைப் பிடிக்க அவசரமில்லை. பெருக்கை—