திரும்பி வரும் ராக்கெட்டை எக்செல்லில் இறக்கிப் பார்த்தேன்

ராக்கெட்டின் முதல் கட்டத்தில், அதாவது கிளப்பிவிட்டுக் கழன்றுவிடும் அடிப்பகுதியில், எட்டு கிலோ எடையைக் கூட்டினால், அது சுமக்கும் சரக்கில் ஏறக்குறைய ஒரு கிலோ குறைகிறது. அதே எட்டு கிலோவை இரண்டாம் கட்டத்தில் கூட்டினால் எட்டும் சரக்கிலிருந்தே போகிறது. சில மாதங்களாக ஓய்வு நேரத்தில் நான் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு இந்த ஓரிடத்தைச் சுற்றித்தான் வருகிறது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏன் ஸ்டார்ஷிப் என்ற அவ்வளவு பெரிய ராக்கெட்டைக் கட்டுகிறது என்பதற்கு, செவ்வாய்க் கனவைவிட இந்த விகிதம் நல்ல விளக்கமாக எனக்குப் படுகிறது.

பிழைப்புக்கு நான் வரவு செலவுக் கணக்குப் பார்க்கிறவன். இயற்பியல் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. ஆகவே எக்செல்லில் தொடங்கினேன். இறங்கும் பகுதிக்கு மட்டும் பைத்தான் தேவைப்பட்டது.

சியோல்கோவ்ஸ்கியின் ஒற்றை வரி

1903இல் வெளியான சியோல்கோவ்ஸ்கியின் சமன்பாடுதான் முழு மூலதனம். எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் வேகத்தை, புறப்படும் எடைக்கும் எரிந்து முடிந்த எடைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கினால் ராக்கெட் பெறும் வேகம் கிடைக்கும். சுற்றுப்பாதைக்கு நொடிக்கு 7.8 கி.மீ. வேண்டும். புவியீர்ப்பும் காற்றும் தின்பதைச் சேர்த்தால் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது.

சோதனைக்கு ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டை எடுத்துக்கொண்டேன். நிறுவனம் வெளியிட்ட கணக்கில் மொத்த எடை 549 டன். எதையும் திரும்பப் பெறாமல் வீசியெறிந்தால் தாழ் சுற்றுப்பாதைக்கு 22.8 டன். கட்டம் கட்டமாகப் பிரிப்பதற்கு ஆர்வலர்கள் வழக்கமாகக் கையாளும் மதிப்பீடுகளை வைத்தேன்: முதல் கட்டத்தின் காலி எடை 25 டன், அதன் உந்துபொருள் 411 டன், இரண்டாம் கட்டம் காலியாக 4.5 டன், உந்துபொருள் 107.5 டன். 22.8 டன் சரக்கோடு ஓட்டியபோது நொடிக்கு 9.2 கி.மீ. வந்தது. கடைசி இலக்கம் வரை நம்பக்கூடிய எண் அல்ல. ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

பிறகு ஒவ்வொரு எடையாக அசைத்துப் பார்த்தேன். முதல் கட்டத்தில் கால், சிறகு என்று எதைப் பொருத்தினாலும் எட்டுக்கு ஒன்று. எரிக்காமல் மிச்சம் வைக்கும் உந்துபொருளுக்கு ஆறேழுக்கு ஒன்று. இறங்குவதற்கென்று 30 டன்னை ஒதுக்கிவைத்தால் சரக்கு 18 டன் சொச்சத்துக்கு வருகிறது. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஏற்றும்போது ஃபால்கன் உண்மையில் சுமப்பது 17 டன்னை ஒட்டித்தான். என்னுடைய எளிய தாளுக்கும் நிஜத்துக்கும் இடையில் இவ்வளவுதான் தூரம் என்பதில் எனக்கு ஒரு வாரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

இறங்குதல்

அதிகம் நேரம் எடுத்ததும் அதிகம் சுவைத்ததும் இந்தப் பகுதிதான்.

காலியான முதல் கட்டம் மிச்ச எரிபொருளோடு 27 டன் என்று வைத்தேன். காற்றின் தடையும் எடையும் சமமாகும்போது அது நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் விழுகிறது. ஃபால்கனின் மெர்லின் எஞ்சின் ஒன்றின் உந்துவிசை 845 கிலோநியூட்டன். அதை 40 சதம் வரை தணிக்கலாம். 40 சதம் என்றால் 338 கிலோநியூட்டன். ராக்கெட்டின் எடையோ 265. அதாவது ஒன்பதில் ஒரே ஒரு எஞ்சினை எரியவிட்டு அதையும் ஆகக் குறைத்து வைத்தாலும் ராக்கெட் மேலே போகத்தான் பார்க்கும். ஆகாயத்தில் அப்படியே நின்று, இடம் பார்த்து, மெல்ல இறங்க வழியே இல்லை. தரையைத் தொடும் கணத்தில் வேகம் சுழியாக வேண்டும், அந்தக் கணத்திலேயே எஞ்சினும் அணைய வேண்டும்.

தணித்து வைத்து நிதானமாக இறங்குவதுதானே பாதுகாப்பு என்று தோன்றும். தாள் வேறு சொல்கிறது. காற்றுத்தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், 40 சதத்தில் வேகத்தைக் குறைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எரிய வேண்டும். சுமார் ஒன்பது டன் உந்துபொருள் போகிறது. முழு விசையில் எரித்தால் பத்து நொடிக்குள் முடிந்துவிடும், மூன்று டன் போதும். எரியும் ஒவ்வொரு நொடியும் புவியீர்ப்புக்குக் கட்டும் வாடகை. ஆனால் முழு விசையில் பிசகுக்கு இடமில்லை. எஞ்சின் ஒரு நொடி தாமதமாகப் பற்றினால் தரையை மோதும் வேகம் மணிக்கு 330 கி.மீ. பத்தில் ஒரு நொடி தாமதித்தாலே 100 கி.மீ.யைத் தாண்டுகிறது. அதனால் நடுத்தர விசையில் தொடங்கி, உயரத்தையும் வேகத்தையும் பார்த்து ஏற்றி இறக்கும்படி நிரலை எழுதினேன். 70 சதத்தில் தொடங்கினால் இரண்டு பக்கமும் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது.

2015 டிசம்பரில் கேப் கனாவரலில் முதன்முறை ஒரு ஃபால்கன் நின்ற காட்சியை அப்போதே பார்த்திருந்தேன். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் உள்ளங்கை வியர்த்தது.

எஞ்சின்களின் எண்ணிக்கையும் இங்கேதான் பொருள்படுகிறது. சந்திரனுக்குப் போன சாட்டர்ன் 5இன் முதல் கட்டத்தில் ஐந்தே எஃப்-1 எஞ்சின்கள். ஒன்றின் விசை கிட்டத்தட்ட 690 டன், காலிக் கட்டமோ சுமார் 130 டன். பறக்கும்போது மறுபடி பற்றவைக்க அந்த எஞ்சினால் முடியாது. முடிந்தாலும் ஐந்து மடங்கு விசையோடு யாரும் தரையிறங்க முடியாது. ஸ்டார்ஷிப்பின் முதல் கட்டமான சூப்பர் ஹெவியில் 33 ராப்டர் எஞ்சின்கள். இறங்கும்போது முதலில் 13, கடைசியில் மூன்று. அதன் காலி எடையை 275 டன் என்று வைத்தால், மூன்று எஞ்சின்களைத் தணித்து எடையோடு சமன்செய்துவிட முடிகிறது. அதாவது அந்தரத்தில் நிற்கலாம். 2024 அக்டோபர் 13 அன்று டெக்சாஸின் போகா சிகாவில் கோபுரத்தின் இரு கரங்கள் அதைப் பிடித்ததற்கு இந்தச் சமநிலை ஒரு முக்கியக் காரணம். கால்களின் எடை ராக்கெட்டிலிருந்து கோபுரத்துக்கு மாறிவிட்டது. கோபுரம் எங்கும் பறக்கப்போவதில்லை என்பதால் அது எவ்வளவு கனமாக இருந்தாலும் கவலையில்லை.

அக்கா மகனின் பாராசூட்

"மாமா, இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் பாராசூட் கட்டிவிட்டால் என்ன?" என்று கேட்டான் அக்கா மகன். நல்ல கேள்வி, ஸ்பேஸ்எக்ஸும் தொடக்கத்தில் அதைத்தான் முயன்றது. பாராசூட் விரிவதற்கு முன்பே காற்று மண்டலத்தில் கட்டங்கள் சிதைந்துபோயின. சிறிய ராக்கெட்டுக்கு அது ஒத்துவரலாம். 275 டன்னை நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் இறக்க எவ்வளவு பெரிய பாராசூட் வேண்டும் என்று அவனையே கணக்கிடச் சொன்னேன். குறுக்களவு அரைக் கிலோமீட்டருக்கு மேல் வந்தது. அதை மடித்து எங்கே வைப்பது என்று அவனே கேட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டான்.

இரண்டாம் கட்டம் என்ற வில்லங்கம்

முதல் கட்டம் பிரியும்போது ஃபால்கனில் வேகம் நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம். சூப்பர் ஹெவியில் ஒன்றரைதான். அதனால் காற்றுக்குள் நுழையும்போது தனியாக எஞ்சினை எரித்து வேகத்தைக் குறைக்கத் தேவையில்லாமல் அது திரும்பிவிடுகிறது. இரண்டாம் கட்டமோ 7.8 கி.மீ. வேகத்தில் இருக்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியில் ஏறுவதால், கிலோவுக்கு ஒரு மெகாஜூல் என்றிருந்தது 30 மெகாஜூல் ஆகிறது. ஒரு கிலோ இரும்பை உருக்கி ஆவியாக்கவே அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். பெரும்பகுதியைக் காற்றிலேயே கொட்டிவிட்டு வரத்தான் வெப்பக் காப்பு.

ஃபால்கனின் இரண்டாம் கட்டத்தில் காப்பு ஓடு, சிறகு, இறங்கும் எரிபொருள் எல்லாம் சேர்த்து வெறும் 10 டன்னை ஏற்றினேன். 18 டன் சரக்கு எட்டு டன் ஆனது. ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ, பேரமே இல்லை. அந்தக் கட்டத்தையும் மீட்கும் திட்டத்தை 2018இல் ஸ்பேஸ்எக்ஸ் கைவிட்டதில் வியப்பில்லை.

அப்படியானால் வழி? பெரிதாக்குவது. தொட்டியின் கொள்ளளவு நீளத்தின் மும்மடியில் ஏற, காப்புப் போர்த்த வேண்டிய பரப்பு இருமடியில்தான் ஏறுகிறது. கணினிகள், உணரிகள் போன்றவை அளவோடு பெருகுவதில்லை. ஒன்பது மீட்டர் குறுக்களவும் 1,200 டன் உந்துபொருளும் கொண்ட ஒரு மேல் கட்டம் திரும்பிவரும் செலவைச் செலுத்திய பிறகும் கையில் ஏதாவது மிஞ்சும். ஸ்டார்ஷிப்பின் உருவத்தைப் பார்த்து ஆடம்பரம் என்கிறவர்களிடம் நான் இந்தத் தாளைத்தான் காட்டுகிறேன்: இரண்டு கட்டமும் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்த அன்றே அந்த உருவம் பாதி முடிவாகிவிட்டது.

ஆனால் அந்த விகிதம் அளவைப் பார்த்து இரக்கப்படுவதில்லை. 100 டன் இலக்கு என்றார்கள். அப்போது பறந்துகொண்டிருந்த வடிவம் 40, 50 டன்தான் கொண்டுபோகும் என்று 2024 ஏப்ரலில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனர் எலான் மஸ்க்கே சொன்னார். கப்பலின், அதாவது மேல் கட்டத்தின், காலி எடை திட்டத்துக்கு மேல் 50 டன் ஏறினால் சரக்கில் 50 டன் அப்படியே காணாமல் போகும்.

ஓடுகள் இன்னொரு தலைவலி. நாசாவின் ஷட்டிலில் சுமார் 24,000 ஓடுகள், பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனி அளவு. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கையால் சோதிக்க வேண்டும். ஸ்டார்ஷிப்பில் சுமார் 18,000, பெரும்பாலும் ஒரே அறுகோண வடிவம். 2024 ஜூன் பயணத்தில் ஒரு சிறகின் கீல் பகுதி எரிந்து ஓட்டையாவதை நேரலையில் பார்த்தோம். துருப்பிடிக்காத எஃகு உடம்பு தாங்கியது, கப்பல் இந்தியப் பெருங்கடல்வரை போய்ச் சேர்ந்தது. 2025 ஜனவரியிலும் மார்ச்சிலும் கப்பல் ஏறும்போதே சிதறியது. மே மாதம் நிலைதடுமாறியது. ஆகஸ்டிலும் அக்டோபரிலும் சொன்னபடி இறங்கியது. கடலில் இறங்குவது வேறு, மறுநாள் அதே கப்பலை ஏவுவது வேறு.

விண்ணில் எரிபொருள்

இங்கே என் தாள் மிகச் சிறியது: 1,200ஐ 100ஆல் வகுத்தால் 12. சுற்றுப்பாதையில் நிற்கும் ஒரு கப்பலை நிரப்பிச் சந்திரனுக்கோ அப்பாலோ அனுப்ப 12 டேங்கர் பயணங்கள். சரக்கு 50 டன்தான் என்றால் 24. மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் ஆக்சிஜன் காத்திருக்கும் நாட்களில் ஆவியாகிக்கொண்டே இருக்கும் என்பதால், டேங்கர்கள் அடுத்தடுத்து போக வேண்டும். மறுபயன்பாடு ஒத்துவராவிட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் படுத்துவிடும்.

தேய்மானக் கணக்கு

இது என் சொந்தப் பேட்டை. ஒரு பூஸ்டரை, அதாவது முதல் கட்டத்தை, இருபது முறை ஓட்டினால் அதன் விலையை இருபதால் வகுத்துத் தேய்மானம் எழுதலாம். முதல் கட்டம் மொத்தச் செலவில் 60 சதம், மீட்பதால் சரக்கு 22.8இலிருந்து 17 டன்னாகக் குறைகிறது என்று வைத்தேன். ஒவ்வொரு முறையும் சீர்செய்ய பூஸ்டர் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆனால், மூன்றாவது பயணத்திலேயே கிலோவுக்கான செலவு வீசியெறிவதைவிடக் குறைகிறது. சீர்செய்யும் செலவு பாதி விலை என்றால் பதினான்கு பயணம் வரை காத்திருக்க வேண்டும். 2020இல் மஸ்க் மூன்று போதும் என்றும், போட்டி நிறுவனமான யுஎல்ஏயின் அப்போதைய தலைவர் டோரி புரூனோ பத்து வேண்டும் என்றும் சொன்னார்கள். என் தாளில் இரண்டுமே வருகிறது, சீர்செய்யும் செலவு என்ற ஒரே எக்செல் கட்டத்தில் என்ன எண் போடுகிறோம் என்பதைப் பொறுத்து.

ஷட்டில் மாட்டிக்கொண்டதும் அங்கேதான். ஆண்டுக்கு ஐம்பதுக்கு மேல் பறக்கும் என்று விற்கப்பட்ட வாகனம் தன் உச்ச ஆண்டான 1985இல் ஒன்பது முறை பறந்தது. மறுபயன்பாடு இருந்தது, சிக்கனம் இல்லை. ஃபால்கனிலோ ஒரே பூஸ்டர் 30 முறைக்கு மேல் பறந்துவிட்டது. ஆனால் பத்துப் பயணத்துக்குப் பிறகு தேய்மானக் கோடு கிட்டத்தட்டத் தட்டையாகிவிடுகிறது. அதற்குப் பின் மிச்சம் பிடிப்பதெல்லாம் பழுதுபார்ப்பிலும் வீசியெறியும் மேல் கட்டத்திலும்தான்.

இஸ்ரோவின் அடுத்த தலைமுறை ஏவுகலத்துக்கு 2024 செப்டம்பரில் 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியபோது, முதல் கட்டத்தை மட்டுமே மறுபடி பயன்படுத்தப்போவதாக அறிவித்தார்கள். சுமை 30 டன். இஸ்ரோவின் இப்போதைய பெரிய ராக்கெட்டான எல்விஎம்3இன் மும்மடங்கு, செலவு ஒன்றரை மடங்கு. துணிச்சல் போதாது என்று சிலர் குறைப்பட்டார்கள். ஆண்டுக்குச் சில ஏவுதல்களே உள்ள நாட்டுக்கு அது சரியான அளவு என்பது என் கட்சி. மேல் கட்டத்தையும் திருப்பிக் கொண்டுவரும் அளவுக்குப் பயண எண்ணிக்கை எங்கிருந்து வரும்?

இப்போது நிரலில் பக்கவாட்டுக் காற்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ராக்கெட் சாயத் தொடங்கியதும் ஒற்றைப் பரிமாணக் கணக்கு உதவவில்லை. எஞ்சினின் கோணத்தையும் கட்டுப்படுத்தியாக வேண்டும். அது ஓடத் தொடங்கினால் அடுத்து, படுத்தபடி விழும் ஸ்டார்ஷிப் கடைசி நொடிகளில் நிமிரும் திருப்பம். அதற்குத் தொட்டிக்குள் எரிபொருள் அலைவதையும் எழுத வேண்டியிருக்கும். அந்தச் சமன்பாடுகளை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.